கரையேறக் கூடாத டர்பன்காரர்

ஓய்வு பெற்றவர்களை வருடத்துக்கு ஒரு தடவை பினாங்கில் எங்கள் பழைய குடிநுழைவு அலுவலகத்துக்கு அழைத்து, கறிபாப்பும் தேநீரும் கொடுத்து, வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து அனுப்பிவைப்பார்கள். சென்ற முறை போயிருந்தபோது கவிதா என்ற இளம் அதிகாரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். துருதுருவென்ற பெண்.

"அக்கா, அந்தக் காலத்துல நம்ம பாஸ்போர்ட்லயே சவுத் ஆப்பிரிக்கா போகக் கூடாதுன்னு அச்சடிச்சிருக்குமாமே, பெத்துலா, நெசமா?"

"உண்மைதான். இஸ்ரேல் பேரோட சேத்து அதுவும் இருக்கும்."

"அவங்க ஆளுங்க இங்க வந்தா?"

"கரையேத்த மாட்டோம்."

"எல்லாரையுமா? அங்க வெள்ளக்காரங்கதானே மோசம் பண்ணாங்க? கஷ்டப்பட்டவங்களும் அதே பாஸ்போர்ட்தானே வச்சிருப்பாங்க?"

என் வாய் நிறைய கறிபாப். அதற்குள் படம் எடுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். இப்போது தென்னாப்பிரிக்கர்கள் பிள்ளைகுட்டிகளோடு பினாங்குக்கு வந்து ஜாதிக்காய்ச் சாறு குடித்துவிட்டுப் போகிறார்கள். கவிதாவின் ஆட்கள் சிரித்துக்கொண்டே முத்திரை குத்துகிறார்கள். ஆனாலும் அவள் கேட்டது நல்ல கேள்வி. அதே கேள்வி ஒரு நாள் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி என்னிடம் வந்தது. அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் பெயர் திலகவதி. எங்களுடையது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். எங்கள் வீட்டு ஆண்கள் எல்லாரும் கிராணிகள், அதாவது குமாஸ்தாக்கள், பெண்கள் எல்லாரும் டீச்சர்கள். இரயில்வே கிராணியான அப்பா என்னையும் டீச்சர் ஆக்கத்தான் ஆசைப்பட்டார். நான் குடிநுழைவு அதிகாரி வேலைக்கு மனுப் போட்டு, வேலை கிடைத்த பிறகே வீட்டில் சொன்னேன். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முத்திரையை நேராகக் குத்து, முகத்தைப் பார், பிறகு படத்தைப் பார், மறுபடி முகத்தைப் பார். முப்பது வருடம் அதைத்தான் செய்தேன்.

துறைமுகப் பிரிவில் என்னைப் போட்டார்கள். கப்பல் ஜலசந்தியில் நங்கூரம் போட்டு மஞ்சள் கொடி ஏற்றி நிற்கும். முதலில் சுகாதார அதிகாரி போய்ப் பார்த்து நோய் இல்லை என்ற பிறகு கொடி இறங்கும். அடுத்து லாஞ்சுப் படகில் நாங்கள். கப்பல் ஆட்களைச் சாப்பாட்டு அறையில் வரிசையாக நிறுத்தி, பெயரைக் கூப்பிட்டு, கடவுச்சீட்டை முகத்தோடு ஒப்பிட்டு, கரையில் இறங்கச் சீட்டுக் கொடுப்போம். கப்பல் பக்கவாட்டில் தொங்கும் ஏணியில் பாவாடை கட்டிக்கொண்டு ஏற முடியாது என்று முதல் வாரமே என் மேலதிகாரியிடம் சொன்னேன். மறுநாள் என் மேசையில் அவர் கையெழுத்தில் ஓர் உத்தரவு இருந்தது: ஏணியின் தன்மை கருதி, கப்பலுக்குச் செல்லும் பெண் அதிகாரி கால்சட்டை அணிய வேண்டும். நான் கேட்டதால் அல்லவாம், ஏணி கேட்டதாலாம்.

அவர்தான் துவான் யூசோப். துவான் என்றால் மலாயில் ஐயா. ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. சந்தேகம் என்று போனால் விதிப் புத்தகத்தை நம் பக்கம் திருப்பிவைத்து, வாய்விட்டு வாசிக்கச் சொல்வார். வாசித்து முடித்ததும், "பாச்சா லாகி" என்பார். மறுபடி வாசி என்று அர்த்தம். இரண்டாம் தடவை வாசிக்கும்போதே பாதிப் பேருக்குப் பதில் கிடைத்துவிடும். மீதிப் பேருக்கு எரிச்சல் வரும். நான் இரண்டாவது கூட்டம். அவருக்குப் பிடிக்காத ஒன்று, பாரத்தில் காலியாக விட்ட கட்டம். பாரம் முழுக்கச் சரியாக இருந்து ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். "கட்டம் கேள்வி கேட்கிறது, பதில் சொல்லாமல் போவது மரியாதை இல்லை" என்பார். அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவரை 'துவான் கட்டம்' என்றுதான் சொல்வோம்.

தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டு வரிசையில் வந்தால் அதைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். அந்த ஆள் கப்பலை விட்டு இறங்கக் கூடாது. தோலின் நிறத்தை வைத்து மனிதரைப் பிரிக்கிற அரசாங்கத்தோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை என்று நம் நாடு சுதந்திரம் அடைந்த சில வருடங்களிலேயே முடிவெடுத்துவிட்டது. வியாபாரமும் கிடையாது, வரவு போக்கும் கிடையாது. எனக்கு அதில் பெருமை. சின்ன நாடு பெரிய நியாயத்தைப் பேசுகிறது என்று நினைத்தேன், இன்றும் அந்த நினைப்பு மாறவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பொது விடுமுறை நாள் காலை. வேறு நாட்டுக் கொடி போட்ட சரக்குக் கப்பல் ஒன்றில் சமையல்காரருக்குக் கடுமையான வயிற்று வலி, குடல்வால் வெடிக்கும் நிலை என்று கப்பல் ஏஜெண்ட் ஓடி வந்தார். கடவுச்சீட்டைக் காட்டினார். தென்னாப்பிரிக்கா. பெயர் சின்னப்பன் மூட்லி.

கோலாலம்பூருக்குப் போன் போட்டோம். விடுமுறை, யாரும் எடுக்கவில்லை. துவான் யூசோப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். வாசித்தேன். தலைமையகத்தின் சிறப்பு அனுமதி இல்லாமல் அனுமதிக்கலாகாது. "பாச்சா லாகி" என்றார். எனக்கு ஆத்திரம். ஒரு மனிதன் அங்கே துடிக்கிறான், இவர் பாடம் நடத்துகிறார். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி வாசித்தேன். இரண்டு பக்கம் தள்ளி வேறொரு விதி இருந்தது. உயிருக்கு ஆபத்து என்று கப்பல் தலைவர் எழுதிக் கொடுத்தால், அதிகாரியின் காவலில் சிகிச்சைக்காக மட்டும் இறக்கலாம்.

"அந்த ஆள் தமிழா, சிக் திலகா?" என்று மலாயில் கேட்டார். சிக் என்றால் செல்வி.

"பெயரைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது, துவான்."

"அப்படியானால் காவல் நீங்கள்."

கப்பல் தலைவர் எழுதிக் கொடுத்ததும் ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். ஆளைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். முகம் எல்லாம் வியர்வை. நான் தமிழில் பேசியதும் கண்ணைத் திறந்து, "தமிழா? ஐயோ, தமிழா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் தமிழ் பழைய வீட்டுத் தமிழ், நடுநடுவே இங்கிலீஷ். படித்துக் கற்றது இல்லை, அம்மா பேசிக் கேட்டது என்று பிறகு சொன்னார்.

ஆஸ்பத்திரியில் பதிவு செய்யும் இடத்தில்தான் முதல் சிக்கல். கிராணி வழக்கம்போலப் பெயர், வயது என்று கேட்டுக்கொண்டே வந்து, "பங்சா?" என்றார். இனம். நம் ஊரில் பிறப்புப் பத்திரத்திலிருந்து எல்லாவற்றிலும் இருக்கிற கட்டம். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். சின்னப்பன் வலியையும் மறந்து என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, எதச் சொன்னா உள்ள விடுவாங்க?"

"எதச் சொன்னாலும் உள்ள விடுவாங்க அண்ணே."

"சும்மா சொல்லாத. ஒவ்வொருத்தருக்கும் எந்த வாசல், சொல்லிடு. நா அங்கயே போறேன். எனக்கு வலி தாங்கல."

"ஒரே வாசல்தான் அண்ணே. நானும் அதுலதான் வந்தேன்."

அவர் நம்பவில்லை. தன்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்கிறேன் என்றுதான் நினைத்தார். அவர் இந்தியர் என்று நானே சொல்லி எழுதவைத்தேன். அன்றைக்குவரை அந்தக் கட்டத்தை ஆயிரக்கணக்கான தடவை நிரப்பியிருக்கிறேன், ஒரு தடவைகூட கை தயங்கியதில்லை. நம் நாட்டில் அந்தக் கட்டத்தைப் பற்றி நமக்குள் இருக்கிற வழக்குகளை நான் இங்கே அவிழ்க்கப் போவதில்லை. அதைப் பார்த்து ஒரு மனிதன் அப்படி நடுங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த கட்டம் வாரிஸ். நெருங்கிய உறவினர், ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குத் தெரிவிப்பது.

"யாரும் இல்ல" என்றார்.

"கல்யாணம்?"

"இல்ல."

"கூடப் பொறந்தவங்க?"

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். டாக்டர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் தெரியும், பிழைப்பது உறுதியில்லை என்று என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். நான் குனிந்து, "அண்ணே, மறைக்காதீங்க. ஒங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா ஒங்க வீட்டுக்குத் தெரிய வேணாமா?" என்றேன்.

"அண்ணன் இருக்காரு" என்றார் மெதுவாக. "கேப் டவுன்ல. ஆனா எழுதக் கூடாது. சத்தியம் பண்ணு, எழுத மாட்டேன்னு."

"ஏன்?"

"அவரு இப்ப மலாய். பேரு ரஷீத். மலாய்க்காரங்களுக்குன்னு ஒதுக்குன தெருவுல வீடு, பொண்டாட்டி, நாலு புள்ளைங்க. ஒங்க ஆபீஸ்லேர்ந்து ஒரு தந்தி போச்சுன்னா, ஒன் தம்பி சின்னப்பன் மூட்லின்னு போகும். தம்பி இந்தியன்னா அண்ணன் எப்படி மலாய்? வீட்டப் புடுங்கிருவாங்க தங்கச்சி. புள்ளைங்களையும் மாத்தி எழுதிருவாங்க. நா செத்தா செத்துட்டுப் போறேன். எழுதாத."

சத்தியம் செய்தேன், எழுதவும் இல்லை. ஆஸ்பத்திரிக் கிராணியும் விடவில்லை. காவலில் வந்திருக்கிற வெளிநாட்டுக்காரர், கேட்க நாதியில்லாமல் செத்துப்போனால் யார் பொறுப்பு என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். அந்த நேரம் பார்த்து துவான் யூசோப் வந்து சேர்ந்தார். வந்ததும் பாரத்தை வாங்கிப் பார்த்தார். அவர் கண் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

"இது ஏன் காலி?"

"சொல்ல விரும்பவில்லை, துவான்."

"இருக்கிறார்களா, இல்லையா?"

இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் அந்த மனிதரிடம் பொய் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இருக்கிறார், எழுதினால் அவருக்குக் கேடு என்று விஷயத்தைச் சொன்னேன். சத்தியம் செய்திருக்கிறேன் என்பதையும் சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டார்.

"அங்கே மலாய்க்காரர்களையும் ஒரு தெருவில் ஒதுக்கி வைத்திருக்கிறார்களா?"

"ஆமாம், துவான். டச்சுக்காரர்கள் அந்தக் காலத்தில் நம் பக்கத்துத் தீவுகளிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோனவர்களின் பிள்ளைகளாம்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அந்தக் கட்டத்தின் தலைப்பை வாசிக்கச் சொன்னார். 'வாரிஸ், அல்லது தகவல் தெரிவிக்கப்பட வேண்டியவர்' என்று வாசித்தேன். நல்லவேளை, மறுபடி வாசிக்கச் சொல்லவில்லை. பேனாவைத் திறந்து, தன் பெயரையும் தன் வீட்டு விலாசத்தையும் எழுதினார். கீழே இன்னும் ஏதோ எழுதி, மடித்து, கிராணியிடம் நேராகக் கொடுத்துவிட்டார். சின்னப்பனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

பிழைத்தார். ஆனால் சீழ் வைத்துவிட்டதால் பல நாள் படுக்கையில் கிடக்க வேண்டியதாயிற்று. கப்பல் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. பகலில் காவல் நான், இரவில் வேறோர் ஆள். யாரைக் காக்கிறோம், யாரிடமிருந்து காக்கிறோம் என்று நினைத்தால் சிரிப்பாக வரும். நாற்காலியில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்டேன். பிறகு நூலகத்தில் தேடிப் படித்தும் பார்த்தேன். அவர் ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை.

அவருடைய பாட்டனைக் கரும்பு வெட்டத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கொண்டுபோனவர்களும் வெள்ளைக்கார முதலாளிகள்தான். அதே காலத்தில்தான் இங்கே பத்து காவான் என்ற ஊர்ப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களுக்கும் நம் ஆட்களைக் கப்பலேற்றினார்கள். எந்தக் கப்பலில் ஏறினோம் என்பதுதான் வித்தியாசம். பிரிப்பது அங்கே அப்போதே தொடங்கிவிட்டது. ஒரு மாநிலத்தில் இந்தியர் இரவு தங்கவே கூடாது, இரயிலில் கடந்து போய்விட வேண்டும். கறுப்பர்கள் நிலம் வாங்கக்கூடிய இடத்தை நாட்டின் மிகச் சிறு பகுதிக்குச் சுருக்கி வெள்ளைக்காரர் ஆட்சி 1913-லேயே சட்டம் போட்டுவிட்டது. 1948-இல் ஒரு கட்சி தேர்தலில் ஜெயித்து, அங்கங்கே சிதறிக்கிடந்த இந்த வழக்கங்களை எல்லாம் ஒன்றாகத் தைத்து முழு அமைப்பாக்கியது.

"மொதல்ல என்ன செஞ்சாங்க தெரியுமா?" என்றார் ஒரு நாள் கஞ்சி குடித்துக்கொண்டே. "யாரையும் அடிக்கல. எழுதுனாங்க. ஒவ்வொருத்தரும் யாருன்னு எழுதுனாங்க. வெள்ளையன், கறுப்பன், கலப்பு. எங்கள எங்க போடுறதுன்னு தெரியாம கலப்போட சேத்து, அதுக்குள்ள இந்தியன், மலாய், சீனன்னு பிரிச்சாங்க."

"எப்படிக் கண்டுபுடிப்பாங்க?"

"பாத்தா எப்புடி இருக்கான், அக்கம்பக்கம் அவன யாருன்னு ஒத்துக்குது. சந்தேகம்னா முடிக்குள்ள பென்சில் விட்டுப் பாப்பாங்க, விழுதா நிக்குதான்னு. எவனாச்சும் போயி இவன் அவனில்லன்னு புகார் பண்ணா மறுபடி விசாரிப்பாங்க."

எழுதி முடித்த பிறகு மற்றச் சட்டங்கள் தானாக வரிசையில் வந்து நின்றன. எந்த இனம் எந்தத் தெருவில் வாழலாம் என்று ஒரு சட்டம். அதில்தான் சின்னப்பன் குடும்பம் தலைமுறையாக இருந்த வீடும் அம்மா வளர்த்த மாமரமும் போயின, ஊருக்கு வெளியே இந்தியருக்கென்று கட்டிய வரிசை வீட்டுக்குத் துரத்தப்பட்டார்கள். வெள்ளையர் மற்றவரைக் கல்யாணம் செய்யக் கூடாது என்று ஒன்று. கறுப்பர்கள் தங்கள் சொந்த நாட்டிலேயே எந்நேரமும் அனுமதிப் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும், மறந்தால் சிறை. "அவங்க பட்டதுல நாங்க பட்டது கால்வாசி இருக்காது" என்பார் சின்னப்பன். பள்ளி வேறு, கடற்கரை வேறு, தபால் நிலைய வாசல் வேறு. வேறு வேறாக இருப்பவை சமமாக இருக்க வேண்டியதில்லை என்று சட்டத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். அந்த வரியை நூலகத்தில் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நானும் சட்டத்தை வைத்துப் பிழைப்பவள்தான். இவ்வளவு வெட்கமில்லாத ஒன்றை நான் வாசித்ததில்லை.

அண்ணனைப் பற்றி மட்டும் நான் கேட்கவில்லை. அவரே ஒரு மத்தியானம் சொன்னார்.

தையல் வேலை தேடி கேப் டவுன் போன அண்ணன், ஒரு மலாய்ப் பெண்ணை விரும்பி மதம் மாறிக் கட்டிக்கொண்டார். அந்தத் தெருவில் இருக்க வேண்டுமானால் அந்த இனமாகப் பதிந்தாக வேண்டும். முகச்சாயல் ஒத்துப்போனது, அக்கம்பக்கமும் ஒத்துக்கொண்டது. பதிந்துவிட்டார். அதோடு நேட்டாலில் டர்பன் நகரத்தில் இருந்த அம்மாவுக்குக் கடிதம் எழுதுவதும் நின்றது. அம்மா செத்ததற்கும் வரவில்லை.

"நா கப்பல்ல சேந்ததே அதுக்குத்தான்" என்றார். "கேப் டவுன் போறப்ப பாக்கலாமேன்னு. ஒரு தடவ பாத்தேன். எதுத்தாப்புல வர்றாரு, கையில சின்னப் பொண்ணு. அப்பா மாதிரியே நடை. என்னப் பாத்துட்டாரு. நானும் பாத்துட்டேன். அந்தத் தெருவுல எல்லாரும் வாசல்ல நிக்கிறாங்க."

"பேசுனீங்களா?"

"ரெண்டு பேரும் அப்படியே தாண்டிப் போயிட்டோம். தோளு ஒரசுச்சு. நா திரும்பிப் பாக்கல. திரும்பிப் பாத்தா அந்தப் புள்ள கேக்கும்ல, அது யாருப்பான்னு." போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "ஒங்க ஊருல என்னக் கரையேத்த மாட்டேன்னீங்க பாரு, அதுக்கு எனக்குக் கோவம் இல்ல தங்கச்சி. எங்க ஊரு பண்ணதுக்கு யாராச்சும் கதவச் சாத்தணும். ஆனா சாத்துறப்ப முன்னால நிக்கிறவன் என்ன மாதிரி ஆளுதான்" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். சீருடை போட்டுக்கொண்டு அழக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

வெளியே அனுப்பும் நாள் வந்தது. காலையில் அவரைச் சட்டை மாற்றி உட்காரவைத்திருந்தேன். சிங்கப்பூருக்கு அனுப்பி அங்கே கப்பலில் சேர்த்துவிட ஏற்பாடு. தமிழ் நர்ஸ் ஒருத்தி சிரித்த முகமாக வந்தாள்.

"அங்கிள், ஒங்க அண்ணன் வந்துட்டாரு. கீழ சைன் எல்லாம் போட்டுட்டாரு. கெளம்பலாம்லா."

சின்னப்பன் தையல் போட்ட வயிற்றை அழுத்திக்கொண்டு எழுந்துவிட்டார்.

"சொல்லிட்டியா? தங்கச்சி, அவருக்குச் சொல்லிட்டியா? இங்க எதுக்கு வந்தாரு? எப்புடி வந்தாரு? போச்சு, எல்லாம் போச்சு. ஒன்ன நம்பித்தானே சொன்னேன்."

"யாருக்கும் எழுதல அண்ணே. என் அம்மா மேல சத்தியம்."

தலைமையகத்திலிருந்து யாராவது எங்கேயாவது ஒரு தந்தி அடித்துத் தொலைத்தார்களா என்று எனக்கே சந்தேகம் வந்தது. நர்ஸ் கையில் இருந்த பாரத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். துவான் யூசோப்பின் கையெழுத்து. பெயர், வீட்டு விலாசம். அதற்குக் கீழே, நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்கும் இடத்தில், தெளிவான எழுத்தில் 'அபாங்' என்று இருந்தது.

சின்னப்பனிடம் காட்டினேன். "எங்க துவான்தான் அண்ணன்னு எழுதியிருக்காரு" என்றேன்.

வார்டு வாசலில் துவான் யூசோப் நின்றிருந்தார். அன்று அவருக்கு வேலை இல்லாத நாள். பாத்தேக் பூச்சட்டையில் அவரை நான் அதுவரை பார்த்ததில்லை. சின்னப்பன் அவரைப் பார்த்தபடியே நின்றார், கண்ணீர் கன்னத்தில் இறங்கிக்கொண்டே இருந்தது, துடைக்கவில்லை. துவான் யூசோப்புக்குச் சங்கடமாகிவிட்டது. அலுவலகக் குரலிலேயே என்னிடம், "ஏன் அழுகிறார்? வலிக்கிறதா என்று கேளுங்கள், சிக் திலகா" என்றார்.

நான் கேட்கவில்லை. அவர் அருகில் வந்து, தாங்கிக்கொள்ளும்படி முழங்கையை நீட்டினார். சின்னப்பன் அதை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். இருவரும் மெதுவாக வார்டின் நடுவே நடந்தார்கள். காவலுக்கு நான் பின்னால் போனேன். இரண்டு பக்கமும் கட்டிலில் இருந்தவர்கள், பார்க்க வந்தவர்கள், ஆயாக்கள், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யார் பார்த்தும் சின்னப்பன் அந்தக் கையை விடவில்லை.